மூட்டு வலிக்குப் பிஆர்பியும் ஸ்டெம் செல்லும் சேர்ந்த ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியுமுன் நெற்றி விளக்கோடு மலைச்சரிவில் ஏறி இறங்கும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள், நாள் முழுவதும் குத்தவைத்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், பனையேறிகள், கரமடி வலை இழுத்தே தோள் தேய்ந்த மீனவர்கள் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உடலுழைப்பால் வாழ்பவர் பலருக்கும் நாற்பது, ஐம்பது வயதிலேயே மூட்டு வலி தொடங்கிவிடுகிறது. அவர்களில் பலரிடம் இன்று "அறுவை சிகிச்சை வேண்டாம், உங்கள் இரத்தத்திலிருந்தும் எலும்பு மஜ்ஜையிலிருந்தும் மருந்து தயாரித்து ஊசியாகப் போட்டால் மூட்டு புதிதாகிவிடும்" என்று சொல்லப்படுகிறது. நகையை அடகு வைத்தாவது அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் மூட்டைத் தொட்டுப் பார்த்து, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லும் எலும்பு மருத்துவரின் ஆலோசனைக்கு இவை மாற்றாகா.

பிஆர்பி என்றால் என்ன? அதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

நம் இரத்தத்தில் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் இருப்பதுபோல், காயம்பட்ட இடத்தில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் உள்ளன. இவை பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியில் மிதக்கின்றன. அந்தப் பிளாஸ்மாவின் ஒரு சிறு அளவுக்குள் இயல்பைவிடப் பல மடங்கு தட்டணுக்கள் இருக்கும்படி செறிவாக்கினால் கிடைப்பதே பிஆர்பி, அதாவது தட்டணு செறிந்த பிளாஸ்மா.

கை நரம்பிலிருந்து பெரும்பாலும் 15 முதல் 60 மில்லி லிட்டர் வரை இரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் இட்டு, மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றுவார்கள். எந்திரம் நின்றதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும்: அடியில் அடர்சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே நூலளவு தடிமனில் வெளிறிய ஓர் ஏடு. அந்த ஏட்டிலும் அதை ஒட்டிய பிளாஸ்மாவிலும்தான் தட்டணுக்கள் செறிந்திருக்கும். அதைக் கலங்காமல் உறிஞ்சி எடுப்பதில் கைத்திறன் தேவை. சில முறைகளில் மீண்டும் ஒருமுறை சுழற்றுவார்கள்.

ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் இயல்பாக ஒன்றரை முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். பிஆர்பியில் அது மூன்று முதல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் சுழற்றும் வேகம், நேரம், வெள்ளையணுக்களைச் சேர்ப்பதா விலக்குவதா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு மருத்துவமனையின் பிஆர்பியும் இன்னொரு மருத்துவமனையின் பிஆர்பியும் ஒரே மருந்து என்று கொள்ள முடியாது. தயாரித்த பிளாஸ்மாவின் தட்டணு எண்ணிக்கையை எண்ணிப் பார்க்காமலே ஊசியில் ஏற்றும் இடங்களும் உண்டு. எண்ணுவது சாதாரண இரத்தப் பரிசோதனை எந்திரத்திலேயே முடியும் என்பதால், அந்த எண்ணிக்கையைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஸ்டெம் செல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது?

பெருகவும் வேறு வகைச் செல்லாக மாறவும் கூடிய மூலச் செல்லே ஸ்டெம் செல். மூட்டுச் சிகிச்சையில் பேசப்படுபவை மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் என்னும் வகை. ஆய்வகத்தில் தக்க சூழல் கொடுத்தால் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை இவை. இடுப்பு எலும்பின் பின்பகுதியை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பது ஒரு வழி. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சிப் பிரித்தெடுப்பது மற்றொன்று. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் திசுவிலிருந்து எடுத்து வளர்ப்பது மூன்றாவது.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மஜ்ஜையில் உள்ள உட்கருச் செல்களில் மெசன்கைமல் செல்களின் பங்கு 0.001 முதல் 0.01 சதவீதம் வரைதான், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று அல்லது லட்சத்தில் ஒன்று. அன்றே எடுத்து, அன்றே சுழற்றி, அன்றே மூட்டில் போடும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் மஜ்ஜையின் பிற செல்களே. கோடிக்கணக்கில் வேண்டுமானால் ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். ஆகவே ஒரே நாளில் முடியும் சிகிச்சையில் "கோடிக்கணக்கான ஸ்டெம் செல்கள்" என்று விளம்பரம் செய்யப்பட்டால், எந்தச் செல்லை எண்ணிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

மெசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991இல் பரவலாக்கிய அமெரிக்க அறிவியலாளர் ஆர்னால்ட் கேப்லனே, 2017இல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். உடலுக்குள் செலுத்தப்படும் இச்செல்கள் தாமே புதிய திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் செய்தி அனுப்பும் பொருள்களைச் சுரப்பதே அவற்றின் முக்கிய வேலை என்பது அவர் வாதம். புது மூட்டு முளைக்கும் என்ற விளம்பரத்தை நம்புமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள்?

இந்த எண்ணத்துக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. தட்டணுக்களுக்குள் உள்ள நுண்பைகளில் பிடிஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா, விஇஜிஎஃப் போன்ற, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் நிறைந்திருக்கின்றன. தட்டணு தூண்டப்பட்டதும் இவற்றில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் வெளியாகிவிடும். ஆய்வகத் தட்டில் இக்காரணிகளைச் சேர்த்தால் ஸ்டெம் செல்கள் விரைவாகப் பெருகுகின்றன. செல் வளர்ப்புக்கு வழக்கமாகப் பயன்படும் கன்றுக்குட்டிச் சீரத்துக்குப் பதிலாக மனிதத் தட்டணுச் சாற்றைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் இன்று பல. இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்மாவிலுள்ள ஃபைப்ரினோஜன் உறைந்து வலைபோன்ற கூழாகும்போது, செல்கள் சிதறாமல் ஓரிடத்தில் தங்க அது தாங்கியாகிறது.

இதைத்தான் விளம்பரங்கள் "ஸ்டெம் செல் விதை, பிளாஸ்மா உரம்" என்று சுருக்குகின்றன. அந்த உவமை பாதிதான் சரி. தேய்ந்த மூட்டு நீர் பாய்ந்த வயல் அன்று. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது, அழற்சி அங்கே நீடித்திருக்கிறது, உடல் எடை ஒவ்வோர் அடியிலும் அதன்மேல் இறங்குகிறது. மேலும் ஒரு வளர்ச்சிக் காரணி எந்த அளவில், எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து, செல்லைப் பெருக்கவும் செய்யலாம், அது முதிர்ந்து குருத்தெலும்பாவதைத் தடுக்கவும் செய்யலாம். தட்டணு எவ்வளவு, செல் எவ்வளவு, எந்த இடைவெளியில் என்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரே முறை இன்னும் உருவாகவில்லை.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன காட்டுகின்றன?

முதலில் பிஆர்பி மட்டும். ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ள 288 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்குப் பிஆர்பியும் மற்றப் பிரிவினருக்கு வெறும் உப்புநீரும் வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் போடப்பட்டன. எது யாருக்கு என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் பத்துக்கு அளந்த வலி, பிஆர்பி பிரிவில் 2.1 புள்ளியும் உப்புநீர்ப் பிரிவில் 1.8 புள்ளியும் குறைந்திருந்தது; அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. குருத்தெலும்பு குறைவதும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பிஆர்பி நன்மை தருவதாகக் காட்டிய சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் கட்டுப்பாடு கடுமையான ஆய்வுகளில் நன்மை சுருங்குவதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து ஸ்டெம் செல். 2017இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இரு முழங்காலிலும் வலியுள்ள 25 பேருக்கு ஒரு காலில் மஜ்ஜைச் செறிவும் (சுழற்றிச் செறிவாக்கிய சொந்த மஜ்ஜை) மறு காலில் உப்புநீரும் போடப்பட்டன. இரண்டு கால்களுமே ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான, ஏறத்தாழ 480 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து எடுத்த செல்கள், தொப்புள்கொடிச் செல்கள் ஆகிய மூன்றும் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிடப்பட்டன. ஓராண்டின் முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலானதாகத் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்து நடந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஸ்பெயினில் 60 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவினருக்குத் தட்டணு செறிந்த பிளாஸ்மா மட்டும். மற்றவர்களுக்கு அதோடு அவரவர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த 10 கோடி செல்கள். சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஓராண்டு முடிவில் வலியும் இயக்கமும் தேறியிருந்தன. ஆனால் எக்ஸ்ரேயிலோ எம்ஆர்ஐயிலோ மூட்டில் மாற்றம் காணப்படவில்லை. ஆய்வாளர்களே இன்னும் பெரிய ஆய்வு தேவை என்றுதான் முடித்தார்கள். அங்கே பயன்பட்டவை தரக்கட்டுப்பாடுள்ள ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் என்பதையும், நம்மிடம் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லப்படும் ஊசி அதே பொருள் அன்று என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

உப்புநீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்தது எப்படி?

மூட்டு வலி ஒரே அளவில் நிற்பதில்லை; அதிகமான நேரத்தில்தான் நாம் மருத்துவரைத் தேடிப் போகிறோம், பிறகு அது தானாகவும் சற்றுத் தணிகிறது. ஊசி போட்டோம் என்ற நம்பிக்கையும், அதையொட்டி எடுக்கும் ஓய்வும் வலியைக் குறைக்கின்றன. அதனால்தான் "பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியாகிவிட்டதே" என்பது அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. ஊசியால்தான் சரியானது என்றும் ஆகாது.

இந்தியாவில் இதற்குச் சட்ட அனுமதி உண்டா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்குச் செய்யப்படும் இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை ஏற்கப்பட்ட ஒன்று. மற்றப் பயன்பாடுகளை அது ஆய்வு நிலையில் உள்ளவை என்றே வகைப்படுத்தியது. பதிவுசெய்த மருத்துவ ஆய்வுக்கு வெளியே அவற்றைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், கணிசமாக மாற்றியமைக்கப்பட்ட ஸ்டெம் செல் பொருள்களைப் புதிய மருந்தாகவே கொள்கின்றன. ஆய்வகத்தில் பெருக்குவதும் இதில் அடங்கும். எனவே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதி பெற்ற பொருள்கள் சில உள்ளன. பெங்களூருவின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம், கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களைக் கொண்டு தயாரித்த ஸ்டெம்ப்யூசெல், புகைப்பழக்கத்தோடு தொடர்புடைய பர்ஜர் நோயால் காலுக்கு இரத்த ஓட்டம் குன்றியவர்களுக்காக முதலில் அனுமதி பெற்றது. 2022இல் முழங்கால் தேய்மானத்துக்கும் பெற்றது. ஆகவே "எல்லாமே மோசடி" என்று ஒதுக்குவதும் தவறு. ஆனால் அந்த அனுமதி, வரையறுத்த அளவில் தயாரித்த அந்த ஒரு மருந்துக்குரியது. ஒரு மருத்துவமனை தன் அறையில் மஜ்ஜையையும் பிஆர்பியையும் கலந்து போடும் ஊசிக்கு அது பொருந்தாது. அப்படிப் பொருந்துவதுபோல் யாராவது பேசினால் அங்கேயே எச்சரிக்கையாகுங்கள்.

திருவனந்தபுரத்தில் போட்டுக்கொண்டால் விதிகள் வேறா?

இல்லை. களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனாலும் இவை மத்திய விதிகளே.

"ஆய்வில் சேருங்கள், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார்கள். சேரலாமா?

அந்த ஒரு வாக்கியத்திலேயே கோளாறு இருக்கிறது. ஆய்வுக்குட்படும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். முறையான ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்கும். அதற்கு சிடிஆர்ஐ என்று தொடங்கி, ஆண்டும் மாதமும் கொண்ட எண் ஒன்று உண்டு. அந்த எண்ணை வாங்கி, வீட்டிலுள்ள பிள்ளைகள் யாரையாவது கைப்பேசியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்; எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், யார் பொறுப்பில் என்பதெல்லாம் அதில் இருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், உங்களுக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் படிவம், ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை ஆகிய நான்கும் இருந்தால் சேருவது பற்றிக் குடும்பத்தோடு யோசிக்கலாம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிஆர்பி மட்டும் போட்டுக்கொள்வது யாருக்குப் பொருந்தலாம்? யாருக்குக் கூடாது?

எக்ஸ்ரேயில் தேய்மானத்தை நான்கு படிகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் இரண்டு படிகளில் இருப்பவர், உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்து பார்த்தும் வலி தீராதபோது, நன்மை உறுதியில்லை என்பதை அறிந்தே, தம்மால் தாங்கக்கூடிய செலவில் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கைத் தசைநாண் வலியிலும் சிலருக்குப் பயன் தெரிகிறது. எலும்போடு எலும்பு உரசும் நான்காம் படியில் பிஆர்பிக்கும் ஸ்டெம் செல்லுக்கும் செலவிடும் பணம் பெரும்பாலும் வீணே. அந்த நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பல ஆண்டு அனுபவமுள்ள வழி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு அது கிடைக்குமா என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

தட்டணு எண்ணிக்கை குறைந்தவர்கள், இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், உடலில் கிருமித் தொற்று இருப்பவர்கள், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பிஆர்பி கூடாது. மழைக்காலத்தில் டெங்கு வந்து தேறியவர்கள் தட்டணு எண்ணிக்கை இயல்புக்கு வந்ததை உறுதிசெய்த பிறகே யோசிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுவின் வேலையைத் தடுப்பதால் ஊசிக்கு முன்னும் பின்னும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ உண்பவர்கள், மூட்டு ஊசிக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்குப் பிஆர்பி உதவுமா?

மூட்டைவிட இங்கே சான்று வலுவாக உள்ளது. நாட்பட்ட நீரிழிவுப் புண்ணில் நோயாளியின் சொந்தப் பிளாஸ்மாவைக் கூழாக இடும் முறைக்கு அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2021 முதல் பணம் தருகிறது. இருந்தாலும் புண்ணைச் சுத்தம் செய்வது, காலின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது, புண்ணின்மேல் பாரம் விழாமல் காப்பது ஆகியவை முதலில். கூழ் அதற்குப் பிறகே.

வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவி வருகிறேன். ஊசிக்குப் பிறகும் தொடரலாமா?

குமரி மாவட்டத்தில் வர்மமும் எண்ணெயும் கிழியும் தலைமுறைகளாக வருபவை. அவற்றை விட்டுவிடச் சொல்வது இங்கு நோக்கமன்று. ஆனால் ஊசி போட்ட மூட்டை அழுத்திப் பிடிப்பதும் உருவுவதும் சூடான கிழி வைப்பதும், ஊசித் துளை ஆறி வீக்கம் வடியும் வரை கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை ஊசி போட்ட மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசானிடமும் ஊசி போட்டதைச் சொல்லிவிடுங்கள். துளையின்மேல் எண்ணெயோ பச்சிலையோ படக் கூடாது.

என்ன ஆபத்துகள் வரலாம்? சொந்த இரத்தம்தானே?

ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் கூடுவது சாதாரணம்; ஐஸ் ஒத்தடமும் மருத்துவர் அனுமதித்தால் பாராசிட்டமாலும் போதும். ஆனால் காய்ச்சல் அடித்து, மூட்டு சிவந்து சூடேறி, காலை ஊன்றவே முடியாமல் போனால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் சில நாள்களிலேயே மூட்டு அழிந்துவிடும்.

சொந்த இரத்தம் என்பதாலேயே ஆபத்தில்லை என்று ஆகாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்குப் பிஆர்பி செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்ஐவி தொற்றியது 2018இல் தெரியவந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியவற்றை மீண்டும் பயன்படுத்தியதே அங்கு நடந்தது. ஃபுளோரிடாவில் 2015இல், கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் ஊசியாகப் பெற்ற மூன்று பெண்கள் பார்வையை இழந்தார்கள். அதற்காக அவர்கள் பணமும் கட்டியிருந்தார்கள். எனவே குழாயையும் ஊசியையும் உங்கள் கண்முன் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். குழாயில் உங்கள் பெயர் எழுதப்பட்டதைப் பார்த்த பிறகே கையை நீட்டுங்கள்.

ஊசிக்கு முன் வேறு என்ன செய்யலாம்?

நடக்கும்போது உடல் எடையில் குறையும் ஒவ்வொரு கிலோவும் முழங்காலின்மேல் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ நான்கு கிலோ பாரத்தைக் குறைக்கிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்வதற்கு உள்ள சான்று, மேலே சொன்ன எந்த ஊசிக்கும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி, சில விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குவதுபோன்ற பயிற்சிதான் அது, வீட்டிலேயே செய்யலாம். முந்திரி ஆலையில் வேலை செய்பவர்கள் குத்தவைப்பதைத் தவிர்த்து உயரமான பலகையோ முக்காலியோ கேட்டுப் பெறுவதும், பால்வெட்டுபவர்கள் வெட்டு தாழ்ந்த மரங்களில் குனிந்தும் குந்தியும் நிற்கும் நேரத்தை ஒரே மூச்சில் வைக்காமல் பிரித்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே. கூலி வேலையில் இதெல்லாம் எளிதன்று என்பது தெரியும். ஆனாலும் அதே வேலைக்கு அதே முறையில் திரும்பும் மூட்டில் எந்த ஊசியும் நிலைக்காது.

பணம் கட்டி ஊசியும் போட்டாகிவிட்டது, பயனில்லை. எங்கே முறையிடலாம்?

கட்டண ரசீது, ஒப்புதல் படிவம், விளம்பரத் தாள், கைப்பேசிச் செய்திகள், ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. தனியார் மருத்துவமனை குறித்த புகாரை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை குறித்ததைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும், பண இழப்பு குறித்ததை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் எழுத்து மூலம் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுக் கால வரம்பு உண்டு என்பதால், அடுத்த ஊசியில் சரியாகும் என்று தவணை சொல்லிக்கொண்டே போனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.